நிலமும் பொழுதும்: ஆக்ராவில் பாபர் இட்ட தோட்டம்

பாபர் என்னும் பெயர் இன்று நம் நாட்டில் பெரும்பாலும் ஒரு மசூதியை ஒட்டியே உச்சரிக்கப்படுகிறது. 1992 டிசம்பருக்குப் பின் வளர்ந்த தலைமுறைக்கு அது ஒரு மனிதரைக் காட்டிலும் ஒரு வழக்கைச் சுட்டும் பெயராகவே ஆகிவிட்டது. ஆனால் அந்த மனிதர் தம்மைப் பற்றித் தாமே எழுதிவைத்த நூலொன்று நம்மிடம் இருக்கிறது. சகதாய்த் துருக்கி மொழியில் எழுதப்பட்ட 'பாபர் நாமா' அது. படையெடுப்புகளும் சூழ்ச்சிகளும் நிறைந்த அந்நூலைப் படித்து முடித்தபின் மனத்தில் நிற்பவை போர்கள் மட்டுமல்ல என்பது வியப்பான உண்மை. எந்த ஊரில் எந்தப் பழம் நன்று, எந்த மலையடிவாரத்தில் எத்தனை வகை மலர், எந்த ஓடையை எங்கே திருப்பினால் தோட்டம் அழகு பெறும் என்பனவும் கூடவே நிற்கின்றன.

இக்கட்டுரை பாபரைத் தோட்டக்காரராகக் காண முயல்கிறது. அதிலும் குறிப்பாக, தமக்குப் பிடிக்காத ஒரு தட்பவெப்பத்தில் தோட்டம் போட நேர்ந்த ஒருவராக. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வகுத்தது தமிழ் மரபு. மரமும் பூவும் பறவையும் கருப்பொருள்கள். அவை முதற்பொருளைச் சார்ந்தே நிற்பவை. பாடல்களுக்குச் சொல்லப்பட்ட இந்த வரிசைமுறை தோட்டங்களுக்கும் பொருந்துகிறது என்பதற்குப் பாபரின் ஆக்ராத் தோட்டத்தைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. நிலத்தை அவர் வாளால் பெற்றார். பொழுதை அப்படிப் பெற முடியவில்லை. அதனோடு அவர் மெல்ல மெல்லப் பேசிப் பழக வேண்டியிருந்தது.

1. பனியும் ஓடையும்

பாபர் 1483இல் ஃபர்கானாப் பள்ளத்தாக்கில் பிறந்தவர். முலாம்பழத்துக்கும் திராட்சைக்கும் பேர்போன நிலம் அது. தந்தை இறந்தபின் 1494இல், பன்னிரண்டு வயதும் நிரம்பாத நிலையில் அரியணை ஏறினார். சமர்கந்தைப் பிடிப்பதும் இழப்பதுமாக இளமை கழிந்தது. பிறந்த மண்ணும் கைவிட்டுப் போனபின், 1504இல் காபூலைக் கைப்பற்றி அங்கே நிலைகொண்டார். அவரிடம் நாம் காணும் தோட்டப் பித்து, ஊரிழந்த ஒருவரின் பித்து என்பதை மறந்துவிடலாகாது.

காபூல் எளிய தட்பவெப்பம் கொண்ட ஊரன்று. கடும்பனியும் வறண்ட கோடையும் மாறி மாறி வரும் மலைநகரம். ஆயினும் அதன் சிறப்பைப் பாபர் உடனே கண்டுகொண்டார். காபூலிலிருந்து ஒரே நாளில் பனியே விழாத இடத்துக்கும் போகலாம். சில நாழிகைப் பயணத்தில் பனி உருகாத இடத்துக்கும் போகலாம் என்று எழுதுகிறார். இது வெறும் வருணனை இல்லை. உயரம் மாறினால் பருவம் மாறும், பருவம் மாறினால் நடவேண்டியது மாறும் என்னும் தோட்டக்காரரின் கணக்கு இதில் அடங்கியிருக்கிறது.

அந்தக் கணக்கின்படியே அவர் நட்டார். காபூலின் குளிரில் புளிப்புச் செர்ரிக் கன்றுகளைக் கொண்டுவந்து வைத்தார், அவை செழித்தன. இன்றைய ஜலாலாபாத்துக்கு அருகில், அதினாப்பூர்க் கோட்டைக்கு எதிரே தாழ்வான வெப்பமான இடத்தில் 1508-09இல் 'பாக்-இ-வஃபா' என்ற தோட்டத்தை அமைத்தார். அங்கே ஆரஞ்சும் நாரத்தையும் மாதுளையும் காய்த்தன. பின்னர் இந்தியப் பக்கத்திலிருந்து வாழைக் கன்றுகளைக் கொண்டுபோய் நட்டு, அவை பிடித்துக்கொண்டன என்று மகிழ்ச்சியோடு குறித்துவைத்தார். கரும்பும் நட்டார். அதில் சிலவற்றைப் புகாராவுக்கும் பதக்‌ஷானுக்கும் அனுப்பியதாகவும் எழுதுகிறார். ஒரு செடியை அதன் பிறந்த மண்ணிலிருந்து பெயர்த்து வேறு நிலத்தில் வைத்து, பிழைக்குமா என்று காத்திருந்து பார்ப்பவரின் ஆவல் இவ்வரிகளில் உண்டு.

இத்தோட்டங்களின் வடிவம் அவர் கண்டுபிடித்ததன்று. நாற்கூறாகப் பகுத்த 'சார்பாக்' என்னும் அமைப்பு பாரசீக மரபில் தொன்மையானது. 1506இல் ஹெராத் நகருக்குச் சென்றபோது தைமூர் வழியினரின் தோட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து வந்தவர் பாபர். அதே ஹெராத்தில் 1515இல் காசிம் பின் யூசுஃப் என்பவர் எழுதிய 'இர்ஷாத் அல்-ஸிராஅ' என்னும் வேளாண் நூல், ஒரு சார்பாக்கில் எங்கே சுவர், எங்கே வாய்க்கால், எந்த வரிசையில் எந்த மரம் என்று முறைப்படி விளக்குகிறது. இந்த ஒழுங்குக்குப் பின்னால் நீர்க்கணக்கு இருந்தது. மலையில் உருகும் பனி ஓடையாகி வரும். அதை மேட்டுப்பக்கம் உள்ளே விட்டால், சரிவே அதை எல்லாப் பாத்திகளுக்கும் கொண்டுசேர்த்துவிடும். மாடும் வேண்டாம், ஆளும் வேண்டாம். இஸ்தாலிஃப் என்ற ஊரில் தாம் விலைகொடுத்து வாங்கிய தோட்டத்தின் நடுவே கோணல்மாணலாக ஓடிய ஓடையைப் பாபர் நேராக்கினார். காபூலில் அவர் செய்யவேண்டியிருந்ததெல்லாம் இருந்த நீரை ஒழுங்குபடுத்துவதுதான்.

2. 1526ஆம் ஆண்டின் கோடை

1526 ஏப்ரலில் பானிபட் போர் முடிந்தது. மே மாதத்தில் பாபர் ஆக்ராவில் இருந்தார். யமுனைச் சமவெளியின் மே மாதம் எப்படியிருக்கும் என்பதை அறிந்தவர்கள், மலைநாட்டுப் படையொன்று அங்கு வந்து இறங்கிய நிலையை ஊகித்துக்கொள்ளலாம். அந்த ஆண்டு வெயில் வழக்கத்தைவிடக் கடுமை என்கிறார் பாபர். அனல்காற்றில் ஆட்கள் சுருண்டு விழுந்து இறந்தார்கள். தளபதிகள் பலர் ஊர் திரும்ப வேண்டும் என்று முணுமுணுத்தார்கள். நெருங்கிய நண்பரான கவாஜா கலானே விடைபெற்றுப் போனார். போகும்போது இந்துஸ்தானத்தை இகழ்ந்து ஒரு வீட்டுச் சுவரில் கவிதை எழுதிவிட்டுப் போனார். பாபருக்கு அது மிகுந்த வருத்தத்தைத் தந்தது.

இந்துஸ்தானத்தைப் பற்றிப் பாபர் போட்ட குறைப்பட்டியல் புகழ்பெற்றது. நல்ல குதிரை இல்லை, நல்ல நாய் இல்லை, திராட்சை இல்லை, முலாம்பழம் இல்லை, பனிக்கட்டி இல்லை, குளிர்ந்த நீர் இல்லை, குளியல் மாடம் இல்லை என்று அது நீண்டுகொண்டே போகிறது. இன்றைய இந்திய வாசகருக்கு இதைப் படிக்கும்போது சினமோ சிரிப்போ எழுவது இயல்பு. ஆனால் பட்டியலைச் சற்று உற்றுப் பார்த்தால், அதில் பெரும்பகுதி தட்பவெப்பத்தைப் பற்றிய முறையீடு என்பது விளங்கும். தோட்டங்களிலும் வீடுகளிலும் ஓடும் நீர் இல்லை என்பதுதான் அவர் திரும்பத் திரும்பச் சொல்வது. வெப்பம், புழுதி, பெருங்காற்று ஆகிய மூன்றும் தம்மை வாட்டியதாகவும், மூன்றுக்கும் குளியல் மாடமே மருந்தாக அமைந்ததாகவும் அவர் எழுதுகிறார்.

அதே பாபர், அதே பகுதியில், நேர்மையான பார்வையாளராகவும் இருக்கிறார். மழைக்காலத்தில் காற்று மிக இனியது என்கிறார். ஒரே நாளில் பத்து, பதினைந்து முறைகூட மழை கொட்டுவதையும், சொட்டு நீரில்லாத இடத்தில் ஆறு பெருகுவதையும் வியக்கிறார். ஆனால் ஈரத்தில் வில் தளர்ந்துபோகிறது. கவசமும் புத்தகமும் துணியும் கெட்டுவிடுகின்றன. கோடையைப் பற்றிக்கூட, பால்க், கந்தகார் வெயிலோடு ஒப்பிட்டால் அவ்வளவு கொடிதன்று, அவ்வளவு நீண்டதுமன்று என்று ஒப்புக்கொள்கிறார். புழுதிப் புயலுக்கு இவ்வூர் மக்கள் 'ஆந்தி' என்று பெயர் வைத்திருப்பதையும் குறித்துக்கொள்கிறார். வெறுப்பவன் இவ்வளவு நுணுக்கமாகப் பார்க்க மாட்டான். அங்கே வாழ்ந்தாக வேண்டியவன்தான் பார்ப்பான்.

அவருடைய குறிப்புகளில் தலையாயதாக எனக்குப் படுவது ஒன்றுண்டு. எங்கள் நாடுகளில் நான்கு பருவம், இங்கே மூன்றுதான், நான்கு மாதம் கோடை, நான்கு மாதம் மழை, நான்கு மாதம் குளிர் என்று அவர் எழுதுகிறார். ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பகுத்துப் பழகிய நமக்கு மூன்றும் குறைவாகத் தோன்றலாம். ஆனால் வசந்தம், கோடை, இலையுதிர் காலம், பனிக்காலம் என்ற நான்கின் மீது தம் தோட்டக்கலை முழுவதையும் கட்டியெழுப்பியிருந்த ஒருவர், அவற்றுள் இரண்டு இங்கே இல்லை என்று கண்டுகொண்ட தருணம் அது. காபூலில் வசந்தத்தில் செந்நீலமாகப் பூக்கும் அர்கவான் மரமும், இலையுதிர் காலத்தில் மஞ்சளாகும் மாதுளையும் அவருடைய ஆண்டை அளந்த கடிகாரங்கள். யமுனைக்கரையில் அந்தக் கடிகாரங்கள் ஓடா.

3. முதலில் கிணறு

ஆக்ராவுக்கு வந்த சில நாட்களிலேயே தோட்டத்துக்கு இடம் தேடிப் பாபர் யமுனையைக் கடந்தார். கண்ட நிலம் அவருக்கு அருவருப்பை ஊட்டியது. சார்பாக் அமைக்கும் எண்ணத்தையே கைவிட்டுவிடலாம் என்று தோன்றியது. ஆனால் ஆக்ராவுக்கருகே வேறு இடமில்லை. ஆகவே அதே நிலத்தில் வேலையைத் தொடங்கினார்.

தொடங்கிய வரிசைதான் கவனிக்கத்தக்கது. முதலில் ஒரு பெருங்கிணறு. அதிலிருந்து குளியல் மாடத்துக்கு நீர். அதனோடு, நூலை எழுதும் நேரத்தில் புளியமரங்களும் எண்கோணக் குளமும் இருந்ததாக அவர் சொல்லும் பகுதி. பிறகு பெரிய குளமும் அதன் சுற்றுப்புறமும், பிறகு மண்டபம், பிறகு உள்வீடும் அதன் தோட்டங்களும். கடைசியாகத்தான் மூலைகள்தோறும் ஒழுங்கான பாத்திகளும் அவற்றில் ரோஜாவும் நர்கிஸ் மலரும். காபூலில் நீர் தானாக வந்தது. தோட்டம் ஓடையைப் பின்தொடர்ந்தது. ஆக்ராவில் நீர் மண்ணுக்கடியில் இருந்தது. அதை ஏற்றிக் கொண்டுவந்தபின்தான் தோட்டம் என்ற பேச்சே எழுந்தது. காய்ந்த நிலத்தில் தோட்டம் போடுகிறவர்கள் இன்றைக்கும் இந்த வரிசையைத் தலைகீழாக்கித்தான் தோற்கிறார்கள். பூவிலிருந்து தொடங்கி நீருக்கு வருகிறார்கள்.

நீரை ஏற்றுவதற்கு அவர் புதிதாக எதையும் கொண்டுவரவில்லை. இந்த மண்ணில் ஏற்கெனவே இருந்த வழிகளைத்தான் கூர்ந்து ஆராய்ந்தார். லாகூர், திபால்பூர், சிர்ஹிந்த் பக்கங்களில் வழங்கிய சக்கர இறைவையை அவர் பொறியாளருக்குரிய பொறுமையுடன் விவரிக்கிறார். கிணற்றின் ஆழத்துக்கு ஏற்ற இரட்டைக் கயிறு. இடையிடையே குறுக்குக் கட்டைகள். கட்டைகளில் கட்டிய குடங்கள். மேலே ஒரு சக்கரம். அதைத் திருப்பப் பல் வைத்த இன்னொரு சக்கரம். அதைச் சுற்றும் மாடு. ஆக்ராப் பக்கத்திலோ வேறு முறை. மாடு கயிற்றை இழுக்க, பெரிய பறி மேலே வரும். ஒருவர் மாட்டை ஓட்ட, இன்னொருவர் நீரைக் கவிழ்ப்பார். நம் கமலை இறைவையை அறிந்தவர்கள் இதை உடனே கண்டுகொள்வார்கள். பாபருக்கு இது பிடிக்கவில்லை. மாட்டின் தடத்தில் சாணத்திலும் மூத்திரத்திலும் புரண்ட கயிறு மீண்டும் கிணற்றுக்குள் இறங்குகிறதே என்று முகம் சுளிக்கிறார். ஆண்களும் பெண்களும் குடம் குடமாகச் சுமந்து பயிருக்கு ஊற்றுவதையும் அவர் பதிவு செய்திருக்கிறார்.

விரைவில் அவருடைய பிரதானிகளும் தோட்டம் போட்டார்கள். கலீபாவும் ஷேக் சைனும் யூனுஸ் அலியும் ஆற்றங்கரையில் இடம் பெற்று, லாகூர் முறைச் சக்கரங்களை வைத்து ஓடும் நீரை உண்டாக்கினார்கள். இத்தகைய நேர்கோட்டு ஒழுங்கைக் கண்டிராத உள்ளூர் மக்கள் யமுனையின் அந்தக் கரைக்குக் 'காபூல்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பாபர் இதைப் பெருமையோடு சொல்கிறார். ஆனால் அந்தக் காபூலில் நீர் இறைத்தவை பஞ்சாபின் சக்கரங்கள். கிணற்றை வெட்டியவர்களும் கல்லைச் செதுக்கியவர்களும் பெரும்பாலும் இந்த மண்ணின் தொழிலாளர்கள். ஆக்ரா நகரத்துக் கல்தச்சர்களில் மட்டும் நாள்தோறும் 680 பேரும், ஆக்ரா, சிக்ரி, பயானா, தோல்பூர், குவாலியர், கோல் ஆகிய ஊர்களில் 1491 பேரும் தம் கட்டடங்களில் வேலை செய்ததாக அவரே கணக்குத் தருகிறார். இந்துஸ்தானத்தின் நன்மைகளில் ஒன்றாக அவர் சொல்வது, எந்தத் தொழிலுக்கும் எண்ணற்ற கைவினைஞர்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள் என்பது. தோட்டத்தின் வடிவம் வடக்கிலிருந்து வந்தது. அதை நிற்கவைத்த அறிவு இங்கிருந்தது.

4. மரங்களிடம் கற்றது

நீருக்கு அடுத்தபடியாக அவர் கற்றது மரங்களிடம். அவருடைய பழப்பட்டியல் மாம்பழத்தில் தொடங்குகிறது. நல்ல மாம்பழம் மிக நன்று. ஆனால் நல்லது அரிது என்கிறார். முலாம்பழம் நீங்கலாக எல்லாப் பழங்களிலும் மாம்பழமே சிறந்தது என்று சிலர் சொல்வதையும் குறிப்பிடுகிறார்; முலாம்பழத்துக்கு விலக்கு அளிக்கப்படுவதை அவர் விட்டுவிடவில்லை என்பது கவனிக்கத்தக்கது! பலாவைக் கண்டு அவர் அரண்டுபோகிறார். ஆட்டுக் குடலைப் புரட்டிப்போட்டதுபோல் இருக்கிறது என்பது அவருடைய உவமை. புளியமரத்தை அழகிய மரம், நிறைந்த நிழல் தருவது என்று பாராட்டுகிறார்.

பனையைப் பற்றிய குறிப்பு தமிழ் வாசகருக்குத் தனிச்சுவை தருவது. பனையின் கள்ளை மட்டும் சொல்லி அவர் நிறுத்தவில்லை. அதன் ஓலையில் இந்நாட்டார் எழுதுவதையும், காதில் அணி இல்லாதவர்கள் துளையில் ஓலைச்சுருளைச் செருகிக்கொள்வதையும், அச்சுருள் கடைத்தெருவில் விற்பதையும் சொல்கிறார். ஏடும் தோடும் ஒரே மரத்திலிருந்து வருவதை முதன்முறை காணும் ஒருவரின் வியப்பு அதில் தெரிகிறது.

மலர்களில் செம்பருத்தியும் அரளியும் தாழையும் மல்லிகையும் அவருடைய பட்டியலில் இடம்பெறுகின்றன. குவாலியரில் ஆழ்ந்த செந்நிறத்தில் பூத்த அரளியைக் கண்டு, அதில் கொஞ்சம் கொண்டுவந்து ஆக்ராத் தோட்டங்களில் நடச் செய்தார். இது சிறிய செய்திதான். ஆனால் ரோஜாவும் நர்கிஸும் இட்ட பாத்தியருகே அரளியும் வந்துவிட்டது என்பது, தோட்டம் தன் நிலத்தோடு சமாதானம் செய்துகொள்ளத் தொடங்கியதன் அடையாளம். கோடைக்கு அஞ்சாத செடி அரளி. நம் நெடுஞ்சாலைகளின் நடுவில் அனலிலும் புகையிலும் பூத்துக்கொண்டிருக்கிறதே, அதே அரளிதான்.

இன்னொரு குறிப்பும் உண்டு. இந்நாட்டில் மழைப்பயிர் மழையாலேயே விளைகிறது. மழையே இல்லாதபோதும் குளிர்காலப் பயிர் விளைவது வியப்பு. சில மரங்களுக்கு முதல் ஓரிரண்டு ஆண்டு நீர் ஊற்றினால் போதும், பிறகு வேண்டுவதில்லை. காய்கறிகளுக்கோ எப்போதும் நீர் வேண்டும் என்கிறார். வறண்ட நாட்டில் வீட்டுத் தோட்டம் போட நினைக்கும் எவருக்கும் சொல்லத்தக்க அறிவுரை இதற்குள் முழுமையாக இருக்கிறது. எதற்கு ஒருமுறை உழைத்தால் போதும், எதற்கு நாள்தோறும் உழைக்க வேண்டும் என்று பிரித்தறிந்துவிட்டால் பாதித் தோட்டம் அமைந்ததுபோலத்தான்.

5. மறுபக்கம்

தோட்டத்தை நேசித்தவர் என்பதால் பாபரைச் சாந்தமூர்த்தியாக ஆக்கிவிடுவது வரலாற்றுக்கு அழகன்று. 1519இல் பஜௌர்க் கோட்டையைப் பிடித்தபோது மூவாயிரம் பேருக்குமேல் கொல்லப்பட்டதை அவரே எழுதுகிறார். அதே ஆண்டு, அதே படைநடையில், கல்லர் கஹார் என்ற இடத்தில் ஏரிக்கருகே நீர்வளத்தைக் கண்டு 'பாக்-இ-சஃபா' என்ற தோட்டத்துக்கு ஆணையிட்டார். 1527 மார்ச்சில் கான்வாப் போரில் வென்றதும் தலைகளால் கோபுரம் எழுப்பச் சொன்னார். அருகிலிருந்த சிக்ரியில் வெற்றியின் பெயரால் ஒரு தோட்டமும் எழுந்தது. இரண்டையும் எழுதியது ஒரே கை. இரண்டிலும் குரல் நடுங்கவில்லை.

தோட்டம் என்பது ஒருவகை ஆட்சி என்பதை இங்கே நாம் எண்ணிப்பார்க்க வேண்டும். கோணலை நேராக்குவதும், வேலியிட்டு உள் வெளி பிரிப்பதும், வேண்டாததைக் களைவதும் தோட்டக்காரரின் சொற்கள் மட்டுமல்ல. பாக்-இ-வஃபா அமைக்கப்படும் காட்சியை ஏறத்தாழ 1590இல் பிஷன்தாஸும் நன்ஹாவும் தீட்டிய ஓவியம் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பாபர் நின்று கையசைத்து ஆணையிடுகிறார். ஒருவர் கட்டம் போட்ட பலகையை ஏந்தியிருக்கிறார். அளவுக்கயிறு பிடித்தும் மண்ணைக் கொத்தியும் ஆட்கள் வேலை செய்கிறார்கள். நூலில் பெயரில்லாத அந்தக் கைகளுக்கு ஓவியத்தில் மட்டுமாவது இடம் கிடைத்தது.

6. முலாம்பழம்

1529 பிப்ரவரியில் பாபர் காபூலிலிருந்த கவாஜா கலானுக்கு ஒரு கடிதம் எழுதினார். சுவரில் இகழ்ச்சிக் கவிதை எழுதிவிட்டுப் போன அதே நண்பர். கடிதத்தில் காபூல் கோட்டையைச் செப்பனிடுவது பற்றிய ஆணைகள் உண்டு. அங்கே ஒரு தோட்டத்துக்கு எப்படி நீர் கொண்டுவரவேண்டும், எங்கே கன்று வைக்கவேண்டும், எங்கே மணமுள்ள மலர் நடவேண்டும் என்ற குறிப்புகளும் உண்டு. பேரரசின் நடுவே அமர்ந்துகொண்டு, நூற்றுக்கணக்கான காதத்துக்கு அப்பாலுள்ள பாத்திகளை மனத்தால் அளந்துகொண்டிருக்கிறார். அதே கடிதத்தில், அண்மையில் ஒரு முலாம்பழம் வந்ததாகவும், அதை அறுத்து உண்டபோது தம்மையறியாமல் அழுதுகொண்டே இருந்ததாகவும் சொல்கிறார். வெற்றி பெற்ற ஒருவரின் அழுகை இது. ஆகவேதான் நம்மை நிறுத்தி வைக்கிறது.

அதே ஆண்டு ஜூன் மாதம் கிழக்குப் படையெடுப்பிலிருந்து அவர் ஆக்ரா திரும்பினார். மறுநாளே அவர்முன் முலாம்பழங்கள் கொண்டுவந்து வைக்கப்பட்டன. ஆனால் இவை காபூலிலிருந்து வந்தவையல்ல. பால்க் நகரத்தவர் என்பதால் 'பால்கி' என்றே குறிக்கப்படும் தோட்டக்காரர் ஒருவர் ஆக்ராவிலேயே விளைவித்தவை. 'ஹஷ்த் பிஹிஷ்த்' தோட்டத்தில் முன்பு நட்ட திராட்சைக் கொடிகளும் காய்த்திருந்தன. இந்துஸ்தானத்தில் முலாம்பழமும் திராட்சையும் விளைந்ததில் தமக்கு நிறைவு ஏற்பட்டது என்கிறார் பாபர். மூன்று ஆண்டுகளுக்கு முன் போட்ட குறைப்பட்டியலில் இரண்டு வரிகளை அவரே அடித்துவிட்டதாகக் கொள்ளலாம்.

இதை வெறும் வெற்றிக்கதையாக நான் படிக்கவில்லை. முலாம்பழம் காய்த்தது, யமுனைக்கரை காபூலாக மாறியதால் அல்ல. மணற்பாங்கான கரையில், மழைக்கு முந்திய வறண்ட வெயிலில், கையால் ஏற்றிய நீரில், அந்தக் கொடிக்கு உகந்த சில மாதங்கள் இங்கேயும் உண்டு என்று ஒருவர் கண்டுகொண்டதால். பாபரையும் அவர் தோட்டக்காரரையும் வாட்டிய அதே கோடைதான் பழத்தையும் பழுக்கவைத்தது. பகையாகத் தோன்றிய பொழுதுக்குள்ளேயே தோட்டத்துக்குரிய பொழுது ஒளிந்திருந்தது.

பாபர் 1530 டிசம்பரில் ஆக்ராவில் இறந்தார். யமுனைக்கரைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்ட உடல், சில ஆண்டுகளுக்குப்பின் காபூலில் அவர் அமைத்த மலைச்சரிவுத் தோட்டத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது. ஆக்ரா அவருக்குப் பழம் கொடுத்தது. இளைப்பாறும் இடமாக அவருக்கு வாய்த்தது காபூல்.

7. தோட்டங்களுக்குப் பின்

ஆக்ராவில் இன்று ராம்பாக் எனப்படும் தோட்டத்தைப் பாபரோடு சேர்த்துப் பேசுவது வழக்கம். இப்போதுள்ள வடிவம் நூர்ஜஹான் காலத்தது என்பது ஆய்வாளர் கருத்து. தோல்பூரில் ஒரே பாறையைக் குடைந்து பாபர் அமைத்த தாமரைத் தோட்டத்தின் எச்சங்களை 1978இல் எலிசபெத் மொய்னிஹான் அடையாளம் கண்டார். அவற்றைவிட நீடித்தது அந்த வடிவம்தான். ஹுமாயூன் சமாதியிலும் தாஜ்மஹாலிலும் லாகூர், காஷ்மீர் ஷாலிமார்த் தோட்டங்களிலும் அதன் வழித்தோன்றல்களைக் காண்கிறோம். உயர்ந்த நடைபாதை, தாழ்ந்த பாத்தி, இடையே வாய்க்கால் என்ற ஏற்பாடு அழகுக்கு மட்டும் உரியதன்று. வாய்க்காலைத் திறந்தால் நீர் தாழ்ந்த பாத்தியில் தேங்கி வேருக்கு இறங்கும். நடப்பவர் காலில் சேறு படாது. பழமரங்களின் தலைகள் நடைபாதைக்கு நிழல் தரும்.

பின்னர் வந்தவர்களும் தம் நாட்டுப் பொழுதைச் சுமந்தே வந்தார்கள். 1899 முதல் 1905 வரை வைசிராயாக இருந்த கர்சன் பிரபுவின் சீரமைப்பில், மரங்கள் அடர்ந்திருந்த தாஜ்மஹால் தோட்டம் திறந்த புல்வெளியானது. மழைத்தூறல் ஓயாத ஒரு தீவில் தானாக வளரும் புல், ஆக்ராவின் மே மாதத்தில் நாள்தோறும் நீர் கேட்கும். கட்டடம் தூரத்திலிருந்தே நன்றாகத் தெரிந்தது. நடப்பவருக்கு நிழல் குறைந்தது. அந்தப் புல்வெளி ஆசை நம்மை இன்னும் விடவில்லை. தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் நகரங்களில்கூட, வீட்டு முகப்பில் நான்கு முழம் புல்லுக்குக் குழாய் பீய்ச்சுகிறோம். கொல்லையில் நின்ற முருங்கையும் கறிவேப்பிலையும் கேட்காத நீரை அது கேட்கிறது. பாபராவது மூன்று பருவம் என்று எண்ணிப் பார்த்தார். இங்கேயே பிறந்த நாம் எண்ணுவதும் இல்லை.

காபூலில் அவர் உறங்கும் தோட்டம் 1990களின் உள்நாட்டுப் போரில் போர்முனையாயிற்று. மரங்கள் வெட்டப்பட்டன, நீர்வழிகள் சிதைந்தன, மண்ணில் கண்ணிவெடிகள் புதைந்தன. 2002க்குப் பிறகு ஆகா கான் பண்பாட்டு அறக்கட்டளை அதை மீட்டெடுக்கும் பணியில் இறங்கியது. சுற்றுச்சுவர் எழுந்தது, வாய்க்கால் மீண்டது. பாபர் தம் நூலில் பெயர் சொல்லியிருந்த மரங்கள் பலவும், அர்கவானும் சினாரும் செர்ரியும் உட்பட, மீண்டும் நடப்பட்டன. எந்தச் சரிவில் எதை வைப்பது என்பதற்கு ஐந்நூறு ஆண்டுப் பழமையான ஒரு நினைவுக்குறிப்பும் துணைநின்றது. தாம் நட்டதை எல்லாம் எழுதிவைத்த ஒரு தோட்டக்காரருக்கு இதைவிடப் பெரிய பயன் வேறென்ன இருக்க முடியும்? எழுத்தாவணமாக அந்நூல் வழக்குமன்றங்களுக்குப் போனதை நாம் அறிவோம். நாற்றங்காலுக்கும் போயிருக்கிறது என்பதையும் அறிந்துகொள்வது நல்லது.